உன் அக்காவின் இடுப்பில் நான் கட்டிய பஞ்சு

என் ராசாவுக்கு, தென்காசியிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம். சாரல் விழுகிறது, முட்டு வலிக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. பதில் போடத் தாமதமானதற்கு முட்டு வலி காரணமில்லை, என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் நீளமாக எழுதவேண்டியிருக்கும். ஜபல்பூரில் உன் பட்டாளத்து வேலையெல்லாம் முடித்து, சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. உரக்கப் படிக்காதே.

நீ எழுதியபடியே போன வெள்ளிக்கிழமை நானும் உன் சித்தப்பாவும் ரயிலேறிக் கடையத்துக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். பெண் பெயர் சண்முகவடிவு. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ என்னிடம் கேட்டிருந்தது வேறு இரண்டு காரியம். கடிதத்துக்குள் ஒரு சினிமாக்காரியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தாய். பெண் இந்த மாதிரிப் பூசினாற்போல இருக்கிறாளா என்று பார், இந்தக் காலத்தில் உள்ளே துணி வைத்துக் கட்டி ஏமாற்றுகிறார்களாம், அதனால் தனியாகக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். அது ஒன்று. படித்த பெண்டாட்டி புருஷனை என்ன பாடு படுத்துவாள் என்று போன மாதம்தான் ஒரு படத்தில் பார்த்தாயாம், கல்யாணமானதும் அவள் வேலையை விட்டுவிட வேண்டுமாம். அது இரண்டாவது. இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன். முதலாவதை நான் செய்யவில்லை. அவளைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாளும் மையும்.

உன் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குக் கோபம் வந்தது. அடுப்பில் போடக்கூடப் போனேன். பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? இந்த வீட்டில் இந்தப் புத்தி உனக்கு முன்னாலேயே இருந்தது. வேறு யாரிடமும் இல்லை, என்னிடம்தான் இருந்தது. அது உன் அக்கா கோமதியை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. அப்போது நீ அம்பாசமுத்திரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். கல்யாணத்துக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி ஓடி விளையாடிவிட்டுப் போனாய். உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தோம்.

கோமதிக்கு அப்போது பதினாறு வயது. ஒல்லிப் பெண். நோய் கண்ட ஒல்லி இல்லை, வேலி தாண்டுகிற ஆட்டுக்குட்டியின் ஒல்லி. குற்றாலத்தில் நம் வீட்டிலிருந்து ஐந்தருவிக்கு நடந்துபோய்க் குளித்துவிட்டு, நடந்தே திரும்பி வந்து, உன் அப்பாவுக்குச் சமமாகச் சோறு சாப்பிடுவாள். சாப்பிட்டது எங்கே போகுமோ தெரியாது. அதுவரைக்கும் அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. எங்கள் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் குலம் கேட்டார்கள், நிலம் கேட்டார்கள், பல்வரிசை பார்த்தார்கள், நடக்கச் சொல்லிக் காலைப் பார்த்தார்கள். அவர்களும் பெரிய யோக்கியர்கள் இல்லை. ஆனால் இவள் யாரைப்போல இருக்கிறாள் என்று ஒட்டிப் பார்க்க அவர்கள் மனசில் ஒரு பொம்மை கிடையாது. தென்காசியில் கூடாரம் போட்டுப் படம் காட்ட ஆரம்பித்த பிறகு ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேர் மனசிலும் ஒரே பெண்பிள்ளை வந்து குடியேறிவிட்டாள்.

ஆம்பிளைகளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? பெண்கள் பக்கத்து மணலில் முதல் ஆளாக இடம் பிடித்து உட்கார்ந்தவள் நான்தான். அந்தக் காலத்துக் கதாநாயகி வாட்டசாட்டமாக இருப்பாள். தோளும் இடுப்புமாக அவள் வந்து நின்று பாட ஆரம்பித்தால் திரைச்சீலை முழுவதும் அவள்தான். "என்னா லெச்சணமா இருக்கா பாரு. நம்ம வீட்டுலயும் இருக்கே ஒண்ணு, ஈர்க்குச்சி கணக்கா" என்று பக்கத்தில் யாரோ தன் மகளைப் பார்த்துச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, என் பக்கத்தில் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்த கோமதியைத் திரும்பிப் பார்த்தேன். படத்தின் வெளிச்சம் அவள் கழுத்தெலும்பில் விழுந்திருந்தது. இவளுக்கு என்னவோ பத்தாது என்று தோன்றியது. நான் பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்த முதல் நாள் அதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்து, உடம்பு பத்தாது என்று தட்டிப்போயிற்று. ஒருத்தர் வெளிப்படையாகவே ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, "அந்தப் பிள்ளை கணக்கா இருந்தா பையன் உடனே சரிம்பான்" என்றார். நான் உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக அவளுக்கு ஊட்டினேன். முட்டையை அவித்து நெய்யில் புரட்டிக் கொடுத்தேன். அவள் முடியாது என்று மிச்சம் வைத்ததையெல்லாம் வீணாக்கக் கூடாது என்று நான் சாப்பிட்டேன். இரண்டே மாதத்தில் நான் பெருத்துவிட்டேன், அவள் அப்படியேதான் இருந்தாள். "நீயே போயி உக்காரு அவுக முன்னால" என்று உன் அப்பா கேலி பண்ணினார்.

அந்த வருஷம் ஆனி மாதம் நம் குற்றாலத்து வீட்டை ஒரு படக் கம்பெனிக்குப் பதினைந்து நாளைக்கு விட்டோம். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். அருவியில் ஒரு பாட்டும் வீட்டில் சில காட்சிகளும் எடுக்க வந்திருந்தார்கள். பால் தயிர் கொடுத்துவிட்டு வருகிற சாக்கில் நான் தினமும் போவேன். முதல் நாளே கொல்லைப்புறத்துக் கொடியில் இரண்டு இடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. சிரிக்காதே, நான் பார்த்தது அதுதான். இலவம்பஞ்சை அடைத்து, மல் துணியில் வளைத்துத் தைத்த பட்டை. தோளுக்கு இரண்டு சின்னத் திண்டுகள் தனியாக. அருவித் தண்ணீரில் நனைந்து அது கல்லாகக் கனத்துப்போய், அதைக் கட்டி நடித்த கதாநாயகி அம்மாளால் எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்களாம். நடிக்கிறவர்களுக்குத் துணி தைத்து உடுத்திவிடுகிற உடுப்புக்காரி அதைப் பிழிந்துகொண்டே எனக்குச் சொன்னாள்.

நடிகையையும் பார்த்தேன். நம் கோமதியைவிட ஒல்லி. பின்கட்டில் கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து அவளே சிரித்தாள். "என்னக்கா பாக்கறீங்க? எனக்கு வயித்துப் புண்ணு, கஞ்சியத் தவிர எதுவும் தங்காது. இந்தப் பஞ்சுதான் சம்பாதிக்குது, நான் சும்மா கூட வர்றேன், அவ்வளவுதான்" என்றாள். நல்ல வாய்க்காரி. ஒரு நாள், கதையில் புருஷன் காலில் விழுகிற காட்சிக்காக டைரக்டரோடு பெரிய சண்டை. "இதோட நாலு தடவை அந்த ஆளு காலுல விழுந்தாச்சு. ஆடு திருடினவன்கூட இத்தனை தடவை விழமாட்டான். இனிமே முடியாது" என்றாள். பிறகு முதலாளி வந்து என்னவோ சொல்லி, ஐந்தாவது தடவையும் விழுந்தாள். படத்தில் புருஷனைக் கேட்காமல் வாசற்படி தாண்டாத உத்தமி அவள். அன்று சாயங்காலம் தானே மோட்டார் ஓட்டிக்கொண்டு தென்காசிக்கு மருந்து வாங்கப் போனாள். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

இதையெல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், ராசா. தெரியாமல் ஏமாந்தவள் இல்லை நான். பொய்யைக் கொடியில் காயப்போட்டிருக்கப் பார்த்தவள். 'அவளே இப்படித்தானா, இதற்குப் போயா என் பிள்ளையைப் படுத்தினேன்' என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படி வரவில்லை. 'இதை எப்படித் தைப்பது?' என்றுதான் வந்தது. உடுப்புக்காரிக்கு ஒரு படி நெய் கொடுத்து, அளவெடுத்து, வெட்டி, பஞ்சு ஓரிடத்தில் சேராமல் குறுக்குத் தையல் போடுகிறவரைக்கும் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

சிவகிரியிலிருந்து உன் அத்தான் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று கோமதிக்கு அதைக் கட்டிவிட்டேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "ஏம்மா, வேண்டாம்மா, அவுகளுக்குத் தெரிஞ்சா அசிங்கம்" என்று அழுதாள். ஆயிரம் பொய் சொல்லிக்கூட ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்று அவள் வாயை அடைத்தேன். உன் அத்தானுக்குப் படம் என்றால் உயிர். தோளைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரம் பொய் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு பொய்தான் சொன்னேன், அதையும் நான் சுமக்கவில்லை, அவள் தலையில் கட்டிவிட்டேன்.

கல்யாணமான பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத வேண்டாம். அவர் அடிக்கவில்லை. ஊரைக் கூட்டவும் இல்லை. ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவருக்குத்தானே கேவலம்? அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "இதோடதான வந்த? நாலு பேரு முன்னால இது இல்லாம நீ நிக்கக் கூடாது." கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்கு, கொட்டகைக்கு, வீட்டில் விருந்தாள் வந்தால் அடுப்படியில்கூட அவள் அதோடுதான் நிற்க வேண்டும். வயிற்றில் பிள்ளை தங்கினால்கூட ஐந்து மாதம் ஆகிறவரைக்கும் அப்படித்தான். சிவகிரி வெயில் உனக்குத் தெரியும். யுத்தத்தில் துணிக்குத் தட்டுப்பாடு வந்து ஜனங்கள் மாற்றுச்சேலை இல்லாமல் திண்டாடியபோது, என் மகள் இருக்கிற சேலையில் பாதியைக் கிழித்து அந்தப் பட்டைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

யுத்தத்துக்கெல்லாம் முன்னால், கல்யாணமாகி ஒரு வருஷத்தில், தனியாக ரயிலேறி வந்து நின்றாள். பின்கட்டில் எனக்கு மட்டும் அவிழ்த்துக் காட்டினாள். இடுப்பைச் சுற்றி வேர்க்குரு புண்ணாகி, பட்டையின் ஓரம் வெட்டிய இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. "நான் இங்கனயே இருந்துக்கிடுதேம்மா. வயல் வேலைக்குக்கூடப் போறேன்" என்றாள். உன் அப்பாவுக்கும் விஷயம் தெரிந்தது. "ஏட்டி, அவ இங்கனயே இருக்கட்டும். இந்த வீட்டுல ஒரு வயித்துக்கா பஞ்சம்?" என்றார். உன் அப்பாவை நீ கண்டிப்பான மனுஷன் என்று நினைத்திருக்கிறாய். அவர்தான் இருக்கட்டும் என்றார். அனுப்பினது நான்.

அந்த வாரம்தான் தென்காசியில் அந்தப் படம் ஓடியது, நம் வீட்டில் எடுத்த படம். நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். அதில் அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறாள். பசியை, பழிச்சொல்லை, புருஷனின் வைப்பாட்டியைக்கூட. கடைசி ரீலில் அவன் திருந்தி வந்து அவள் கையைப் பிடிக்கிறான். பெண்கள் பக்கம் முழுவதும் மூக்கைச் சிந்துகிற சத்தம்தான். அந்த உத்தமி மோட்டார் ஓட்டிப் போனதையும், ஐந்தாம் தடவை விழமாட்டேன் என்று கத்தினதையும் கண்ணால் பார்த்த நானும் சேர்ந்துதான் அழுதேன். வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன், "அஞ்சு வருசம் பொறுத்துக்கோட்டி. ஆம்பிளை மனசு மாறும். படத்துல பாக்கல?" பழியைப் படத்தின்மேல் போட நான் வரவில்லை. வாழாவெட்டியின் தாய் என்று ஊர் சொல்லுமே என்ற பயம்தான் எனக்கு. படம் ஒரு சாக்கு.

பத்து நாள் வைத்திருந்து புண்ணுக்கு மருந்து போட்டேன். அந்தப் பத்து நாளும் வேறொன்றும் செய்தேன், இதைத்தான் எழுத முடியாமல் எட்டு நாளாகப் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தேன். என் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்து, தோலை வெட்டாதபடி ஓரம் மடித்து, பஞ்சைக் கொட்டையும் தூசியும் இல்லாமல் பார்த்துப் பார்த்து அடைத்து, அவளுக்குப் புதிதாக ஒரு பட்டை தைத்தேன். பழையது உறுத்தியதல்லவா, இது உறுத்தாது என்று. கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். "மெத்துனு இருக்கும்மா" என்றாள். மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால், தூக்கி எறிந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இத்தனை பாரம் இருக்காது.

இப்போது சாரலுக்கு வந்திருக்கிறாள், பிள்ளைகளோடு. உன் அத்தான் வரவில்லை. அவரும் இப்போது அதைப்பற்றிப் பேசுவதில்லையாம், மறந்தேபோயிருப்பார். காலமும் மாறி, இப்போது வருகிற படங்களில் உடம்பு பூசினாற்போல இருந்தாலும் இடை மட்டும் கொடியாக இருக்க வேண்டுமாம். ஆனால் வந்த அன்றே பார்த்தேன், கோமதி கட்டியிருந்தாள். "இங்கன யாரு இருக்கா? கழத்திப் போடேன்" என்றேன். "அது இல்லாட்டி நிக்க முடியலம்மா. எல்லாரும் என்னையவே பாக்குத மாதிரி இருக்கு" என்றாள். இருபத்தாறு வயது. ஐந்தருவிக்கு நடந்துபோன பெண் அருவிக்கே வருவதில்லை, நனைந்தால் கனக்குமே.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. இந்த மனசோடுதான் நான் கடையத்துக்குப் போனேன். காப்பி பலகாரம் ஆனதும் உன் சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "மதினி, பய எழுதினது ஞாபகம் இருக்குல்லா? உள்ள போயி பாத்துட்டு வந்துருங்க." நான் எழுந்து போனேன். சும்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடலாம் என்றுதான். அந்தப் பெண் எனக்குப் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன தாயி இது?"

"பாத்துக்கிடுங்க அத்தை. முந்தி வந்தவுக ரெண்டு பேரும் பாத்தாக. ஒருத்தவுக இறுக்கிப் பிடிச்சுக்கூடப் பாத்தாக. பரவால்ல, பாருங்க."

நான் அவள் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "அவுக ரொம்பப் படம் பாப்பாகளோ?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம், நிறையப் பார்ப்பான் என்றேன். "நானும் பாப்பேன் அத்தை. ஆனா எந்தப் படத்துலயும் ஒரு பொம்பளை கணக்குப் பாடம் நடத்தி நான் பாக்கல" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்குள் பஞ்சு இருந்ததா, துணி இருந்ததா, எனக்குத் தெரியாது. சிரிக்கும்போது இடது கன்னத்தில் குழி விழுகிறது, அது தெரியும். எனக்குச் சம்மதம், அவன் சம்மதத்தை அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வெளியே வந்து சொல்லிவிட்டேன்.

உன் இரண்டாவது காரியத்துக்கும் இதுவே பதில். நீ பார்த்த படத்தில் படித்த பெண்டாட்டி புருஷனை வேலைக்காரனாக்குகிறாள், கடைசியில் அவன் கன்னத்தில் ஒன்று விடுகிறான், அவள் அடங்கிப்போகிறாள், இல்லையா? இங்கேயும் ஓடியது. அந்த அடிக்குத் தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. அந்த வேஷம் கட்டினவள் அன்றைக்குத் தன் சம்பாத்தியத்தில் எத்தனை பேருக்குச் சோறு போட்டுவிட்டு வந்து அடி வாங்கினாளோ, யார் கண்டது? சண்முகவடிவு வேலையை விடுவதும் விடாததும் அவள் சொல்ல வேண்டியது. உன் அக்கா கையில் அப்படி ஒரு வேலை இருந்திருந்தால், என் வீட்டு வாசலில் வந்து நின்று என்னிடம் கேட்டிருக்க மாட்டாள். கேட்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. உனக்கு அவளைப் பிடிக்காவிட்டால் எனக்கு எழுது. காரணம் உடம்பு என்று மட்டும் அவர்களுக்கு எழுதாதே. மூன்றாவது தடவையும் அந்தப் பெண் அதைக் கேட்கக் கூடாது.

நேற்று இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது கோமதி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "கடையத்துப் பிள்ளையப் பத்தி எழுதும்மா. என்னையப் பத்தி வேண்டாம்" என்றாள். ஏன் என்றேன். "அவன் ஒருத்தன்தான் இன்னும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுதான். இது தெரிஞ்சா அவனும் இடுப்பைத்தான் பாப்பான்" என்றாள்.

அன்றும் அவள் பேச்சை நான் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. கடையத்துப் பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் என் பிள்ளையை மறுபடியும் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஐப்பசியில் நீ லீவில் வருவாய். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். எப்போதும்போல அவள்தான் உனக்குச் சோறு போடுவாள். அவள் இலைக்கு முன்னால் குனிகிறபோதும், நிமிர்கிறபோதும், திரும்பிப் போகிறபோதும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசு, ராசா. முகத்தை மட்டும் பார்.